மணியோசைக்கு இடமில்லை

லோம், 2004 ஜனவரி 11

தாஃபினா,

என் இசையை என் சொந்த ஊரில் ஒருவரும் கேட்காதபடி செய்தவள் நீ. இத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்ததை இப்போது தாளில் வைக்கிறேன். நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியில் கேட்கிறேன், முதலில் இது.

‘மூடுபனித் துறை’ என்ற அந்தக் கணினி விளையாட்டை நாம் இருவரும் சேர்ந்து செய்தோம். கதையும் நிரலும் உன்னுடையவை. இசையும் திரையில் வரும் எழுத்துக்களும் என்னுடையவை. தோணிக்காரன் தானூப் ஆற்றின் நடுவில் இருக்கிறான், பனி மூடிவிடுகிறது, கரை தெரியவில்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு மணி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு மெட்டு. எந்தப் பக்கம் துடுப்புப் போடுவது என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டும். துறைமுகக் கிரேனிலிருந்து இறங்கி, கை கழுவிக்கொண்டு, நேரே கணினிக் கழகத்துக்குப் போய் உட்கார்ந்து அந்த மெட்டுகளை எழுதினேன். சுரம் எழுதக்கூட எனக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகம் பார்த்துக் கற்றேன்.

லோம் மக்களுக்குக் கிடைத்தது என்ன? பனி வருகிறது. சத்தமே இல்லை. திரையின் அடியில் உன்னுடைய ஒரு வரி: ‘தொலைவில், இடப்பக்கம், மணியோசை கேட்கிறது.’ யாருக்குக் கேட்கிறது? மணி அடிக்க வேண்டிய இடத்தில் மணி அடிக்கிறது என்று எழுதி வைப்பவள், பசித்து வருகிறவனுக்கு ரொட்டி என்று எழுதித் தட்டில் வைப்பாளா?

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், வாசகசாலைச் செயலாளர் எவ்லாம்பியா என்னைத் தேடி வந்தாள்.

“இக்னாத் அண்ணே, நம்ம ஊர்ல கம்ப்யூட்டர்ல முதமுதல்ல விளையாட்டு செஞ்சது நீங்கதானே? மே இருபத்திநாலு, எழுத்துத் திருநாளுக்கு மேடையில போட்டுக் காட்டலாமா? பெரிய திரை வெச்சு?”

“போடலாம். பாட்டோட போட்டாத்தான்.”

“அதுல பாட்டு வேற இருக்கா?”

புரிகிறதா, ‘பாட்டு வேற இருக்கா’ என்றாள். அவள் அந்த விளையாட்டை எத்தனையோ முறை ஆடியவள்.

இசையை எங்கே அணைத்து வைத்தாய், எப்படித் திறப்பது என்று எழுது. மணியோசை கேட்கிறது என்ற வரிகளையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிய பிளாப்பி ஒன்று அனுப்பு. என் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்கு நீ அனுப்பிய அட்டை வந்தது. கப்பல் படம் அழகு. முழங்காலைப் பார்த்துக்கொள்.

இக்னாத்


வலென்சியா, பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். உங்கள் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மாத்திரையை ரகியாச் சாராயத்தோடு விழுங்குவதில்லை என்று நம்புகிறேன்.

அட்டை பிடித்ததில் மகிழ்ச்சி. திறந்ததும் வரும் பாட்டு எப்படி? அதற்காகத்தான் அதை வாங்கினேன்.

அண்ணா, நான் எதையும் அணைத்து வைக்கவில்லை. விளையாட்டு தொடங்கும்போது கணினியில் எவ்வளவு நினைவகம் காலியாக இருக்கிறது என்று பார்க்கும். போதாவிட்டால் ஏதாவது ஒன்றை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓட முடியும். படத்தை இறக்கினால் ஒன்றும் தெரியாது. கதையை இறக்கினால் ஒன்றும் புரியாது. அதனால் முதலில் இறங்குவது இசை என்று எழுதினேன். நான் எழுதியதுதான், மறுக்கவில்லை. அந்த வரிகளும் அதற்காகத்தான்: மணி இல்லாவிட்டாலும் தோணி கரை சேர வேண்டாமா?

முதலில் சவுண்ட் கார்டைச் சரிபாருங்கள். அது கணினியைக் கூப்பிடுவதற்கு ஓர் எண் உண்டு. பிரிண்டரும் அதே எண்ணில் கூப்பிட்டால் இரண்டும் அடித்துக்கொண்டு கார்டு வாயை மூடிக்கொள்ளும். அமைப்புத் திரையில் ஏழு என்றிருந்தால் ஐந்தாக்குங்கள். கார்டிலும் சின்னத் தொப்பி போல ஓர் இணைப்பான் இருக்கும். அதையும் ஐந்துக்கு மாற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தீர்கள், “ஹலோ, ஹலோ” என்றீர்கள், வைத்துவிட்டீர்கள். நான் கத்தியது இந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

எனக்கு விடுப்பு கிடைக்காது. நான் இங்கே பார்த்துக்கொள்ளும் கிழவி தோன்யா அம்பாரோவைத் தனியே விட அவள் மகன் சம்மதிக்க மாட்டான். இல்லையென்றால் நானே வந்து செய்து கொடுத்திருப்பேன்.

உங்கள் தங்கை,
தாஃபினா


லோம், பிப்ரவரி 20

தாஃபினா,

மார்ச் முதல் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்று இதை முன்னதாகவே போடுகிறேன். உள்ளே சிவப்பு வெள்ளை நூல் இரண்டு: ஒன்று உனக்கு, ஒன்று அந்த ஸ்பானியக் கிழவிக்கு. நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை அவிழ்க்கக் கூடாது என்று அவளிடமும் சொல். உடம்பு கல்லைப் போல இருக்கிறது. மாத்திரையைத் தண்ணீரோடுதான் போடுகிறேன்.

நீ சொன்னபடி செய்தோம். வாசகசாலைக் கணினியை நான்தான் திறந்தேன். எவ்லாம்பியா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, உள்ள இவ்வளவு தூசி! நம்ம நூலகத்துல இருக்கறதைவிட அதிகம்.”

“நூலகத்துக்கு எவன் வர்றான், தூசி கிளம்பறதுக்கு?”

“சரி சரி, அந்தத் தொப்பி எது? இதுவா?”

“கையை எடு. நான் பார்க்கறேன்.”

தொப்பியை ஐந்துக்கு மாற்றினேன். திரையிலும் ஐந்து. பிரிண்டரைக் கழற்றி அலமாரிமேல் தூக்கி வைத்தேன். திருநாள் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். எவ்லாம்பியா முகம் சுளித்தாள். விளையாட்டைப் போட்டோம். பனி வந்தது. கீழே உன் வரி வந்தது. மணி இல்லை.

ஆக, கார்டைக் குறை சொன்னது வீண். குற்றம் உன் நிரலில்தான். யோசித்து எழுது.

தொலைபேசிக் கம்பி பனியில் கெட்டுவிட்டது. கரகரவென்று ஒரே இரைச்சல். இனிமேல் கூப்பிட்டுக் காசை வீணாக்காதே, கடிதமே போதும்.

இக்னாத்


வலென்சியா, மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூல் வந்து சேர்ந்தது. தோன்யா அம்பாரோவின் மணிக்கட்டில் கட்டினேன். “யார் இறந்துபோனாங்க?” என்று கேட்டாள். நலத்துக்காகக் கட்டுவது என்று எழுதிக் காட்டினேன். இங்கே பாதாம் பூத்து உதிர்ந்தே போய்விட்டது. உங்கள் விதிப்படி பார்த்தால் கட்டியவுடனே அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கவில்லை.

இந்த மாதம் ஊர்த் திருவிழா. தினமும் மதியம் சதுக்கத்தில் வெடி வைக்கிறார்கள், கண்ணாடியெல்லாம் அதிர்கிறது. தோன்யா அம்பாரோ தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

அண்ணா, இரண்டு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். அமைப்புத் திரையில் ‘ஒலியைச் சோதி’ என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் கார்டிலிருந்து ஒரு நீண்ட கீச்சொலி வர வேண்டும். வருகிறதா? எவ்லாம்பியா பக்கத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள். இன்னொன்று, காலி நினைவகம் எவ்வளவு என்று கணினியைக் கேட்டு அந்த எண்ணை எழுதுங்கள்.

அட்டையின் பாட்டைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. அது உங்களுக்குத் தெரிந்த பாட்டுத்தான்.

கம்பி சரியானால் சொல்லுங்கள். உங்கள் குரலைக் கேட்டு நாளாகிறது.

தாஃபினா


லோம், மார்ச் 15

தாஃபினா,

ஆற்றில் பனிக்கட்டி போய்விட்டது, எனக்கும் சளி போய்விட்டது. நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

சோதனை செய்தோம். கீச்சொலி வந்தது என்று எவ்லாம்பியா சொன்னாள். காலி நினைவகத்தின் எண்ணைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். உன் விளையாட்டு கேட்பதைவிடக் குறைவு. எதனால் குறைவு என்று சொல்ல வேண்டியவள் நீ. இந்தக் கணினி பழையதுதான், ஆனால் அதில் வேறு எதுவும் இல்லை. தொடக்கத்தில் ஏறுவது என் எழுத்து நிரல் ஒன்றுதான். அது இல்லாமல் நம் எழுத்து திரையில் வராது, வெறும் கட்டங்கள்தான் வரும்.

அட்டையில் பேட்டரி செத்திருக்கும். இக்காலத்துப் பொருள்கள் அப்படித்தான்.

பர்வான் கடைக்குப் போனேன். கிரேனில் என்னோடு வேலை பார்த்த அதே பர்வான்தான், இப்போது சாராயக்கடை வைத்திருக்கிறான். உள்ளே காலை வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“என்ன இக்னாத், திருநாளுக்குக் கச்சேரியாமே? எனக்கு முன்வரிசைல ஒரு இடம் போட்டு வையி. நல்லா தூக்கம் வரும்.”

“இந்தத் தடவை பாட்டு வரும்.”

“வரும் வரும். ஊர்லயே சத்தமில்லாம பாட்டுப் போட்டவன் நீ ஒருத்தன்தான்யா. என் பொண்டாட்டியக் கொஞ்ச நாள் உன்கிட்ட பாடம் படிக்க அனுப்பட்டுமா?”

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். இன்னொன்றும் ஏதோ சொன்னான், அதற்கும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உன்னால் நான் படும் பாடு இது. அடுத்த கடிதத்தில் வழியைச் சொல். மே மாதம் வந்துவிடும்.

இக்னாத்


வலென்சியா, மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்கள்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

நினைவகத்தைத் தின்பது உங்கள் எழுத்து நிரல்தான். எழுத்துக்கள் அல்ல, அவை சின்னவை. அதற்குள் இருக்கும் சொற்பட்டியல். ஒரு விசையை அழுத்தினால் திரை முழுவதும் பழைய எழுத்துமுறைக்கு மாறுமே, அதற்காக நீங்கள் சேர்த்த பட்டியல். எந்தச் சொல்லில் ஒழிக்கப்பட்ட எழுத்து வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருப்பதால் அது பெரியது. உங்கள் இசை உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. கழகத்திலும் பள்ளிகளிலும் ஊரிலிருந்த எல்லாக் கணினிகளிலும் அதை ஏற்றி வைத்தவர் நீங்கள். அதனால்தான் லோமில் எங்குமே மணி அடிக்கவில்லை.

நினைவகத்தின் மேல்பகுதிக்கு ஏற்றிக் கீழே இடம் விடலாம் என்றால் உங்கள் நிரல் ஏறாது. கீழேதான் இருப்பேன், என்னை யாரும் நகர்த்தக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். நானும் முயன்று பார்த்தவள்தான்.

பட்டியலை மட்டும் எடுத்துவிட்டால் எழுத்தும் வரும், இசையும் வரும். பழைய எழுத்துமுறை மட்டும் போய்விடும். அந்த விசையை உங்களைத் தவிர யாரும் அழுத்தி நான் பார்த்ததில்லை.

கோபப்படுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

தாஃபினா


லோம், ஏப்ரல் 6

தாஃபினா,

ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டைகளுக்குச் சாயம் ஏற்றியாயிற்று. நலம்.

ஆறு, ரொட்டி, பால். நம் மொழியில் இம்மூன்று சொற்களிலும் ஒழித்துவிட்ட அந்த எழுத்து இருந்தது. நான் பள்ளியில் இருந்தபோது ஒரு நாள் ஆசிரியர் வந்தார், கரும்பலகையிலிருந்து அதைத் துடைத்தார், இனிமேல் இது கிடையாது என்றார். அதுவரை அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அன்றிலிருந்து பிழை. அப்பா சாகும்வரை பிழையாகவே எழுதினார். கடிதம் எழுதவே கூச்சப்பட்டு, கடைசியில் நிறுத்திவிட்டார். உனக்கு அது தெரியாது. நீ பிறந்ததே அதற்குப் பிறகுதான்.

அந்தப் பட்டியலைப் பழைய செய்தித்தாள்களிலிருந்தும் கோயில் புத்தகங்களிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சேர்த்தேன். அரசாங்கம் ஒருமுறை துடைத்ததை, அதுவும் எழுத்துத் திருநாள் அன்று, என் கையாலேயே இரண்டாம் முறை துடைக்கச் சொல்கிறாய்.

முடியாது. உன் விளையாட்டைச் சின்னதாக்கு.

இக்னாத்


வலென்சியா, ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குத் தெரியாது. அவர் எனக்கு ஏன் ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்று நான் விடுதியில் இருந்த காலத்தில் நினைத்ததுண்டு.

விளையாட்டைச் சின்னதாக்க முடியவில்லை. நான்கு இரவு முயன்றேன்.

பட்டியல்தான் காரணம் என்பது எனக்கு விளையாட்டை முடித்த வாரத்திலேயே தெரியும். உங்களிடம் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் எதையும் என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டதில்லை, அந்த விசையைத் தவிர. அதை அழுத்திக் காட்டி, “பாருடி, ஆறு எப்படி அகலமா ஆயிடுச்சு” என்றீர்கள். பட்டியல் இருக்கட்டும், இசைக்காக என்னைத் திட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டில் எது பெரிய இழப்பு என்று நான் முடிவு செய்தேன். அது என் வேலையல்ல.

இன்னொன்று. தோன்யா அம்பாரோவின் மகன் போட்டுவிட்டுப் போன பழைய கணினி ஒன்று பரணில் இருந்தது. பண்டிகையன்று அதில் நம் விளையாட்டைப் போட்டேன். அதில் உங்கள் நிரல் இல்லை, எழுத்தெல்லாம் கட்டங்கள். ஆனால் பனி வந்ததும் மணி அடித்தது. ஐந்து துறைகளின் மணிகளையும் முழுவதுமாகக் கேட்டேன். அடுப்பில் பாகு கருகிப் போய்விட்டது. அண்ணா, அது மிக நன்றாக இருக்கிறது. அந்த மூன்றாவது துறை மெட்டு யாருக்கு வரும்?

பட்டியல் இல்லாத உங்கள் எழுத்து நிரலையும், விளையாட்டையும் பிளாப்பியில் வைத்து அனுப்புகிறேன். அதைச் செருகிக் கணினியைத் தொடங்கினால் எல்லாம் அதிலிருந்தே ஏறும். நீங்கள் கேட்டபடி மணியோசை கேட்கிறது என்ற வரிகளை எடுத்துவிட்டேன். உங்கள் பழைய நிரலை நான் தொடவில்லை, அது வாசகசாலையில் அப்படியே இருக்கிறது. பிளாப்பியை ஆற்றில் போட்டாலும் சரி.

தாஃபினா


லோம், ஏப்ரல் 22

அன்புள்ள தாஃபினா அக்காவுக்கு,

நீங்கள் நலம்தானே? உங்கள் அண்ணனுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று வாசகசாலைக்கு வந்தார். பிளாப்பியை என் மேசைமேல் வைத்தார்.

“இதுல என்னமோ இருக்காம். போட்டுப் பாரு. நான் பார்க்கல” என்று சொல்லிவிட்டு, போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

போட்டேன். பனி வந்தது. அக்கா, மணி அடித்தது! சின்ன வயதிலிருந்து ஆடிய விளையாட்டு, அதற்குள் இப்படி ஒன்று இருந்ததா? பக்கத்து அறையில் பாட்டுப் பயிற்சியில் இருந்த பெண்கள் நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். முதல் மணி முடிந்து இரண்டாவது மணி தொடங்கிவிட்டது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் கேட்டார்: “என்ன எவ்லாம்பியா, ஆரம்பிச்சியா இல்லையா?”

வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். “இதோ அண்ணே, இப்பத்தான்” என்றேன்.

திரும்பினார். திரையைப் பார்த்தார். அடியில் எப்போதும் வரும் வரி வரவில்லை. வாசலில் நிற்பவர்களைப் பார்த்தார். பயிற்சிக்கு வரும் ஸ்லாவ்கா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார்.

“தாளம் சரியாத்தான் போடறா” என்றார்.

பிறகு மேசைக்கு வந்து ஒரு விசையை அழுத்தினார். திரையில் ஒன்றும் மாறவில்லை. மறுபடியும் அழுத்தினார். கழற்றி வைத்திருந்த தன் தலைத்தொப்பியை எடுக்காமலே போய்விட்டார்.

பட்டியலை எடுக்கச் சொல்கிறாள் என்று முன்பே என்னிடம் புலம்பியிருந்தார். மேடையில் எதைப் போடட்டும்? இசை வருவதையா, அவருடைய பட்டியல் இருப்பதையா? அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள்.

எவ்லாம்பியா


வலென்சியா, ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். வெயில் தொடங்கிவிட்டது.

இந்த முறை கணினியைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை. எதைப் போடுவது என்பது உங்கள் முடிவு. பட்டியலோடு போட்டாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

தோன்யா அம்பாரோவைப் பற்றி எழுதுகிறேன். அவளுக்குக் காது போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் வந்த புதிதில் ஒருவரிடமும் காட்டிக்கொள்ள மாட்டாள். யார் பேசினாலும் சிரிப்பாள், ‘சரி சரி’ என்பாள். இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போவேன். பாடகர்கள் தொடங்கும்போது அவள் தோளை மெதுவாகத் தொடுவேன். அவ்வளவுதான். அவளுக்கு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம். எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் போதும், மிச்சத்தை அவளே உள்ளே பாடிக்கொள்கிறாள். மற்றவர்கள் முடிக்கும்போது சரியாக முடிக்கிறாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அவள் மகனிடம் பேசினேன். பத்து நாள் அவன் வந்து இருப்பானாம். வா என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டாலும் தவறாக நினைக்க மாட்டேன்.

உங்கள் தங்கை,
தாஃபினா


லோம், மே 8

தாஃபினா,

நான் நலமா என்று இந்த முறை நீ கேட்கவில்லை. கவனித்தேன். நலம்தான்.

நீ செய்தது தவறு. பட்டியல் பெரியது என்று அந்த வாரமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், உன்னோடு ஓராண்டு பேசாமலும் இருந்திருப்பேன். இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும். இடையில் இத்தனை ஆண்டுகள் போயின. ஏதாவது ஒரு நாள், மழையில் கிரேன் ஓடாத ஒரு நாள், மனம் மாறிப் பட்டியலை எடுத்துவிட்டு உட்கார்ந்து கேட்டிருப்பேன். அப்போது கேட்டிருக்கலாம்.

போகட்டும். மூன்றாவது துறை மெட்டு யாருக்கும் வராது. உனக்கு இப்போதுதான் அது தெரிகிறது.

நீ எடுத்த வரிகளைத் திரும்பப் போடு. கூட்டத்தில் பின்வரிசைக்கு ஒலி போய்ச் சேராது; அவர்களுக்காகச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். யாரும் தங்கள் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது.

எவ்லாம்பியா: தொடக்கத்தில் ஏறும் கோப்பிலிருந்து என் பழைய நிரலை நீக்கிவிட்டு, நீ அனுப்பியதை வைக்க வேண்டும். அவள்தான் செய்ய வேண்டும். என் கையால் செய்ய மாட்டேன், செய்யும்போது அறையிலும் இருக்க மாட்டேன். பிரிண்டர் அலமாரிமேலேயே இருக்கட்டும்.

பர்வான்: கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டையும் அரங்குக்குக் கொண்டுவர வேண்டும். முன்வரிசையில் உட்கார வேண்டும். தூங்கக் கூடாது. பொண்டாட்டியையும் கூட்டிவர வேண்டும்.

ஸ்லாவ்கா: தாளம் போட வேண்டுமானால் போடட்டும், ஆனால் எனக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து போட வேண்டும்.

நான்: ஆறு, ரொட்டி, பால் என்ற மூன்று சொற்களையும் பழைய எழுத்தில் பெரிய தாளில் எழுதி, பிள்ளைகளின் ஊர்வலம் வருவதற்கு முன் அரங்க வாசலில் ஒட்டுவேன். அதை யாரும் கிழிக்கக் கூடாது, பிழை என்றும் சொல்லக் கூடாது.

நீ: இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பேருந்துக்குச் சீட்டு வாங்க வேண்டும். திருநாளுக்கு முந்தைய நாளாவது வந்து சேர வேண்டும். அரங்கில் என் வலப்பக்கம் உட்கார வேண்டும். ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் என் முழங்கையைத் தொடு. யாரும் பார்க்காதபடி தொடு. முடியும்போது தொடாதே, அது எனக்குத் தெரியும்.